ஐந்தாவது பேட்டரி

அக்டோபர் 1, புதன்
பிரஷர் 134 / 86

தினமும் பிரஷர் பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். ஜனவரியில் உரக்கடைக்காரர் கொடுத்த டைரி சும்மா கிடந்தது, அதை எடுத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரு முழுப் பக்கம். ரெண்டு நம்பருக்கு எதற்கு அவ்வளவு இடம்? காலியாக விட மனசு வரவில்லை. மிச்சத்தில் நடந்ததை எழுதி வைக்கிறேன். டாக்டர் படித்தால் படிக்கட்டும்.

இன்று ஆயுத பூஜை. சங்கரன்கோவிலில் எங்கள் ஸ்டுடியோவுக்கு இது இருபத்திரண்டாவது. கேமரா, லைட், ஸ்டாண்டு, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தேன். என் வீட்டுக்காரர் சிவஞானம் தரையில் நின்று படம் எடுப்பார். நான் டிரோன் விடுவேன். இந்த வட்டாரத்தில் டிரோன் விடுகிற பொம்பளை நான் ஒருத்திதான். முதலில் சிரித்தார்கள். இப்போது தேதி சொல்வதற்கு முன்னாலேயே, "கோமதியக்கா வருவாங்கள்ல?" என்று கேட்கிறார்கள்.

டிரோன் பேட்டரிக்கும் பொட்டு வைத்தேன்.

"ஏளா, அதுக்குமா?" என்றார் இவர்.

"இது இல்லன்னா அது பறக்குமா? இதுக்குத்தான் மொதப் பொட்டு."

சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, எழுத்து அச்சடித்திருக்கிற பக்கத்தில், நட்ட நடுவில் வைத்தேன். நாலு பேட்டரி, நாலு பொட்டு. பார்க்க லட்சணமாக இருந்தது.

ஐந்தாவது ஒன்று பீரோவில் இருக்கிறது. அதை எடுக்கவில்லை. அது பழசு.

அக்டோபர் 9, வியாழன்
138 / 88

பீரோவில் இருக்கிற பழைய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினேன். மாசத்துக்கு ஒரு தரம் ஏற்றாவிட்டால் செத்துப்போகும் என்று டிரோனோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. மற்றபடி ஒன்றும் இல்லை. மதியம் புளிக்குழம்பு.

அக்டோபர் 24, வெள்ளி
158 / 98

ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. பக்கத்தில் இல்லை, அசாமில். இவர் டீ குடிக்கிற சாக்கில், டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நல்பாரி என்று ஒரு ஊராம். பரூவா என்று ஒரு குடும்பமாம். நவம்பர் 28 அவர்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமாம். டிரோனுக்கு நான்தான் வேண்டுமாம். அங்கே பறக்கவிட அனுமதி எல்லாம் அவர்களே வாங்கிவிட்டார்களாம்.

"ஏன், அசாம்ல டிரோன் விட ஆளே இல்லையாக்கும்?"

"ஒன் வீடியோவ நெட்டுல பாத்திருக்காங்க போல."

"எந்த வீடியோ?"

"ஏதோ ஒண்ணு."

"நீங்க வரலையா?"

"அன்னைக்கு இங்க ரெண்டு முகூர்த்தம் இருக்குல்லா. நீ மட்டும் போயிட்டு வா."

இவருக்குப் பொய் சொல்ல வராது. காது மடல் சிவந்துவிடும். இன்றைக்கு நான் காதைப் பார்க்கவில்லை.

சங்கரி கல்யாணம் செய்துகொண்ட பையன் பெயருக்குப் பின்னாலும் பரூவா என்று வரும். அவன் ஊரும் அந்தப் பக்கம்தான். அதனால் என்ன? எங்கள் தெருவில் சங்கரா என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். அங்கே பரூவா அப்படி இருக்கும்.

சங்கரி எங்கள் மகள். ஒரே மகள். ரெண்டு வருஷமாக அவளோடு நான் பேசுவதில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் பெங்களூரில் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள். அறுநூறு கல்யாணம் எடுத்தவள் நான். என் மகள் கல்யாணத்தை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். எவனோ போனில் எடுத்திருக்கிறான். வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது, ரெண்டு பேர் முகமும் கறுப்பு. இதைப் பற்றி இவ்வளவு போதும்.

வருகிறேன் என்று சொல்லச் சொல்லிவிட்டேன். ஆர்டர் ஆர்டர்தானே.

158 வந்ததற்கு மாங்காய் ஊறுகாய்தான் காரணம்.

நவம்பர் 8, சனி
146 / 92

இவர் விமானக் கம்பெனியின் விதிகளை எல்லாம் பிரிண்ட் எடுத்து ஸ்டேப்ளர் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கோடு வேறு போட்டிருக்கிறார். டிரோனைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பலாமாம். பேட்டரி மட்டும் அதில் போகக் கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும். பேட்டரியின் மேல் வாட்-அவர் என்று ஒரு எண் அச்சடித்திருக்குமாம். அதுதான் அதன் பலம். நூறுக்குள் இருந்தால் தடையில்லை. நமது பேட்டரி நாற்பத்துச் சொச்சம்.

"அப்பொறம் என்ன, விடுங்க," என்றேன்.

"நீ வாசிக்க மாட்டியா?"

"அதான் நீங்க வாசிச்சிட்டியளே."

நானும் இவரும் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. டிரோனைக்கூட நான் நூறு மீட்டருக்கு மேல் விட்டதில்லை.

நவம்பர் 9, ஞாயிறு
142 / 90

பழைய பேட்டரிக்குச் சார்ஜ்.

நவம்பர் 23, ஞாயிறு
150 / 94

இவர் நாலு பேட்டரிக்கும் செம்புமுனை தெரியாமல் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் போட்டு, ஒரு சின்னப் பையில் அடுக்கினார். மேலே 'டிரோன் பேட்டரி - 4' என்று எழுதி ஒட்டினார். ஸ்கூலுக்கு அனுப்புகிற பிள்ளைக்குப் பெயர் எழுதி ஒட்டுவாரே, அதே கையெழுத்து.

"அங்க இந்த மாசம் குளிரும்," என்றார்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நியூஸ்ல சொன்னான்."

இவர் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாடியில் துணி எடுக்கப் போவார். ரெண்டு துணி எடுக்க முக்கால் மணி நேரம். போனையும் கொண்டுபோவார். யாரோடு பேசுகிறீர்கள் என்று நான் ரெண்டு வருஷமாகக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பார்.

நவம்பர் 25, செவ்வாய்
154 / 96

மத்தியானம் இவர் வெளியே போயிருந்தபோது பேட்டரிப் பையைப் பிரித்துப் பார்த்தேன். ஆயுத பூஜைப் பொட்டு அப்படியே காய்ந்து கறுத்துப்போய் அப்பிக்கொண்டு கிடக்கிறது. இதை இப்படியே விமான நிலையத்தில் நீட்டினால் ரத்தக்கறை என்று நினைப்பார்களா, செய்வினை என்று நினைப்பார்களா? தண்ணீரில் துடைத்தேன், போகவில்லை. ஃபிரேம் துடைக்கிற தின்னரைப் பஞ்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தேன். பொட்டு போய்விட்டது. நாலும் பளபளவென்று புதுசு மாதிரி ஆகிவிட்டது. இவருக்கு இந்த வேலை எல்லாம் ஓடாது. நான்தான் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

டேப் மிச்சம் இருந்தது. பீரோவில் இருந்த ஐந்தாவதுக்கும் ஒட்டி, கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டேன். சும்மாதான். வீட்டில் பூட்டிக் கிடப்பதற்குக் கூடவே வரட்டும்.

நவம்பர் 26, புதன்
பிரஷர் மெஷின் பெட்டியில் போய்விட்டது. எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதே நல்லது.

மதுரை விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிரோன் பெட்டியைக் கவுண்டரில் வாங்கிக்கொண்டார்கள். இவர் வாசலோடு நின்றுவிட்டார், டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விட மாட்டார்களாம். நான் கைப்பையையும் பேட்டரிப் பையையும் தட்டில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றேன். காக்கி உடுப்பில் ஒரு பெண் அதிகாரி பையைத் தனியாக எடுத்து வைத்தாள். நெஞ்சில் ஜெயக்கொடி என்று பெயர் இருந்தது. சங்கரி வயசுதான் இருக்கும்.

"இது உங்க பைதானம்மா? திறந்து காட்டுங்க."

நாலையும் எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள்.

"இதுல வாட்-அவர் எங்கம்மா போட்டிருக்கு?"

"மேலயே இருக்கும்மா," என்று வாங்கிப் பார்த்தேன். ஒரு எழுத்து இல்லை. நாலும் மொட்டை. நேற்று பளபளப்பு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேனே, அது இதுதான். பொட்டோடு சேர்த்து எண்ணையும் தேய்த்து எடுத்திருக்கிறேன். சவத்துத் தின்னர்!

"பொட்டு வச்சிருந்தேம்மா. கறையா இருக்கேன்னு அழிச்சேன். அதோட சேந்து போயிருச்சு."

"பேட்டரிக்குப் பொட்டா?"

"ஆயுத பூஜைக்கு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நாங்களும் இந்த மெஷினுக்கு வெச்சோம்மா. ஆனா எழுத்து மேல வெக்கல."

மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார். எண் தெரியாத பேட்டரியை ஏற்ற முடியாது என்றார். அவர் மேல் தப்பே இல்லை. என் வாயால் சொன்னால் எண் ஆகிவிடுமா? பிறகு ஜெயக்கொடி என் கைப்பையைப் பார்த்து, உள்ளே இன்னொன்று தெரிகிறதே என்றாள். கைக்குட்டையைப் பிரித்துக் கொடுத்தேன். அதில் எல்லா எழுத்தும் பளிச்சென்று இருந்தது. மூலையில் ஒரு ஸ்டிக்கரும் இருந்தது. 'அம்மாவுக்கு, சங்கரி. முதல் சம்பளம்.'

டிரோனை வாங்கிக் கொடுத்தது அவள்தான். எழுதவில்லையா முன்னால்? மறந்திருப்பேன்.

"இந்த ஒண்ணு போகலாம்மா. அந்த நாலும் போகாது. என்ன வேலையாப் போறீங்க?"

"கல்யாணத்துல டிரோன் விட."

"ஒரு பேட்டரிய வெச்சு முடியுமா?"

"இது பழசும்மா. பதினோரு நிமிஷம் தாங்கும்."

"அப்ப வேலை நடக்காதே. திரும்பிப் போறதுன்னா சொல்லுங்க, விமானக் கம்பெனி ஆளக் கூப்பிட்டு வெளிய கூட்டிட்டுப் போகச் சொல்றேன். பெட்டியையும் இறக்கித் தருவாங்க."

அவள் நல்லதைத்தான் சொன்னாள். எனக்கும் சரியென்றுதான் பட்டது. டிரோன் இல்லாமல் அங்கே போய் நான் யார்? டிரோன் இருந்தால் கண்ணை ஸ்கிரீனில் வைத்துக்கொள்ளலாம், யாரையும் பார்க்க வேண்டாம். இல்லாவிட்டால் கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாது. இப்போது திரும்பினால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பேட்டரி மேல் பழியைப் போட்டுவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.

"இல்லம்மா, போறேன்," என்றேன்.

"வேலையே இல்லையேம்மா?"

"எம் மகளப் பாக்கப் போறேன்."

வாய் தவறி வந்துவிட்டது. வந்த பிறகு அழுகையும் வந்துவிட்டது. அத்தனை பேர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நிற்க, நான் தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கக்கேடு. ஜெயக்கொடி அந்த ஒரு பேட்டரியைக் கைக்குட்டையில் மறுபடி சுற்றி, நானே சுற்றியதைவிட நேர்த்தியாக, கையில் கொடுத்தாள்.

விமானக் கம்பெனிப் பெண் ஒருத்தி நாலு மொட்டைகளையும் வாங்கிக்கொண்டுபோய் வாசலில் இவரிடம் சேர்த்துவிட்டாள். உடனே போன்.

"ஏளா, என்ன செஞ்சு வச்சிருக்க நீ? பேட்டரி வெறுங்கட்டியா இருக்கு!"

"தின்னர் போட்டுத் தொடச்சேன்."

"அய்யோ கோமதி... வந்துருதியா? ஆர்டர் முடியாதுன்னு சொல்லிரட்டா? இல்ல, அது வந்து... அந்த ஆர்டர குடுத்ததே..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். ஏறப் போறேன். போன வைங்க."

அவர் வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதே நாள், விமானத்தில்

சென்னையில் மாறி ஏறினேன். அங்கேயும் சோதித்தார்கள். ஒற்றைப் பேட்டரியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

ஜன்னலோரம். கீழே மேகம். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் சின்னதாகத்தான் தெரியும் என்று எனக்குப் புதிதாக யாரும் சொல்ல வேண்டாம்.

ஒன்றைச் சரியாக எழுதிவிடுகிறேன். முன்னால் எழுதியது பொய். சங்கரி சொல்லாமல் செய்யவில்லை. ஒரு மாசம் முன்னாலேயே சொன்னாள். பெங்களூருக்கு எனக்கும் இவருக்கும் ரயில் டிக்கெட் எடுத்து அனுப்பினாள். "எம்மா, டிரோனையும் கொண்டு வா, நீதான் எடுக்கணும்" என்றாள். நான், "இனி என் வாசப்படிய மிதிக்காத" என்றேன். அவள் மிதிக்கவில்லை. சொன்னதைக் கேட்கிற பிள்ளை அவள், சின்னதிலிருந்தே.

பேட்டரியைப் பீரோவில் வைத்துப் பூட்டியது அன்றைக்குத்தான்.

நவம்பர் 27, வியாழன்
நல்பாரி. 148 / 92

நேற்று ராத்திரி குவாஹாட்டியில் வெளியே வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் சங்கரி நின்றாள். இளைத்திருக்கிறாள். நானும் அவளும் ஒரு எட்டுத் தள்ளி நின்றோம். அந்தப் பையன், பிராஞ்சல், அவளுக்குப் பின்னால் நின்றான். வழியெல்லாம் ஒரு வரி மனப்பாடம் செய்திருப்பான் போல. "வணக்கம் அம்மா, சாப்பிட்டாச்சா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

என்ன பேச? பேட்டரியைத்தான் பேசினேன்.

"நாலு பேட்டரி மதுரையிலயே நின்னுபோச்சு. ஒண்ணுதான் வந்துருக்கு."

"எது?"

"ஒன்னோடது."

அவள் என்னைப் பார்த்தாள். "அது எப்பவோ செத்துருக்குமேம்மா. ரெண்டு வருசமாச்சே."

"சாகல."

"எப்படி?"

"மாசா மாசம் சார்ஜ் போட்டேன்."

"மாசா மாசமா?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு," என்றேன். அதற்குள் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் கைப்பையைக் கீழே போட்டுவிட்டேன்.

வீட்டு வாசலில் அவள் மாமியார் வெண்கலத் தட்டில் வெற்றிலை பாக்கு நீட்டினார். நம்ம பாக்குதானே என்று வாயில் போட்டேன். பச்சைப் பாக்கு! தலை கிறுகிறுத்து, அந்தக் குளிரில் வேர்த்துக் கொட்டிவிட்டது. அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே எனக்கு விசிறினார். அவர் பேசியது எனக்கும், நான் பேசியது அவருக்கும் புரியவில்லை. இன்று சாயங்காலம் வரை பேசிக்கொண்டுதான் இருந்தோம்.

நவம்பர் 28, வெள்ளி

பிராஞ்சலின் தங்கை ஜூரிக்குக் கல்யாணம். முகூர்த்தம் ராத்திரிதானாம். காலையில் பெண்ணைக் குளிப்பாட்டுவதற்கு வீட்டுப் பெண்கள் எல்லாம் ஊர்வலமாகப் போய்க் குளத்தில் தண்ணீர் எடுத்து வருவார்கள். அதற்குத்தான் டிரோன்.

பதினோரு நிமிஷம். ஐந்து பேட்டரி இருந்தால் முப்பது முறை பார்த்து எடுப்பேன். இன்றைக்கு ஒரு நொடியும் வீணாக்க முடியாது. காலையிலேயே குளம் வரை ரெண்டு தரம் நடந்து பார்த்து, எங்கே ஏற்றுவது, எங்கே திருப்புவது என்று மனசில் போட்டுக்கொண்டேன்.

பெண்கள் குடத்தோடு கிளம்பினார்கள். வெள்ளையும் தங்கமுமாகப் பட்டு. டிரோனை ஏற்றினேன். அப்போது அவர்கள் ஒரு சத்தம் கொடுத்தார்கள் பாருங்கள், எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. குலவை! அச்சு அசல் நம்ம கோவில் கொடையில் போடுகிற குலவை. மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து இதைக் கேட்பேன் என்று யார் நினைத்தது? நானும் நாக்கைச் சுழற்றிப் போட்டேன் ஒரு குலவை. மாமியார் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் பலமாகப் போட்டார். நான் விடுவேனா?

ஸ்கிரீனில் ஐம்பது பெண்கள், எல்லாம் ஒரே மாதிரிப் பட்டு, மேலே இருந்து பார்த்தால் தலையும் குடமும்தான். யாருக்கும் முகம் இல்லை. ஆனால் சங்கரியைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நொடி ஆகவில்லை. அவள் வகிடு இடது பக்கம் கொஞ்சம் கோணலாகத்தான் விழும். என்னதான் சீப்பை வைத்து இழுத்தாலும் நேராகாது. பதினேழு வயசு வரை அவளுக்குத் தலை சீவிவிட்டவள் நான். மேலே இருந்து அவளை என்னைவிட யார் அதிகம் பார்த்திருப்பார்கள்?

தண்ணீர் எடுத்தார்கள், திரும்பினார்கள். எல்லாம் கிடைத்துவிட்டது. எட்டு நிமிஷம். இறக்கியிருக்க வேண்டும். மூன்று நிமிஷம் மிச்சம் இருந்தது.

"ஏட்டி சங்கரி, குடத்த யார்ட்டயாவது குடு. அந்த வயக்காட்டு நடுவுல போய் நில்லு."

"எதுக்கும்மா?"

"சொன்னாக் கேளு. மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போ."

அவள் நின்றுவிட்டாள். அவனுக்கும் அந்த ஒரு வார்த்தை தெரிந்திருக்கிறது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வயலுக்குள் ஓடினான். அறுத்த வயல், காலைவெயில், வெளிச்சம் முன்னாலிருந்து வருகிற மாதிரி நிற்கவைத்தேன். ரெண்டு பேர் முகமும் துல்லியம். அவர்களை நடுவில் வைத்து ஒரு சுற்று சுற்றினேன். அவள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள், அழுதாள், என்ன செய்தாளோ. மாப்பிள்ளை டிரோனைப் பார்த்துக் கும்பிட்டார். பேட்டரி கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. நாலு சதவீதத்தில் கையில் பிடித்து இறக்கினேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது.

இது அறுநூற்றி ஒன்று.

பிரஷர் பார்க்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு
132 / 84

நாளை கிளம்புகிறேன். இவர் போனில், பேட்டரியைப் பத்திரமாகப் பையில் வைத்துவிட்டாயா, டேப் ஒட்டினாயா, எதையாவது போட்டுத் தேய்க்கவில்லையே என்று மூன்று தரம் கேட்டுவிட்டார்.

பையில் வைக்கவில்லை. சங்கரி கையில் கொடுத்தேன்.

"எம்மா, இது ஒனக்குன்னு வாங்கினது."

"இங்கயே இருக்கட்டும். ஒவ்வொரு தரமும் செக்யூரிட்டில நின்னு யாரு பதில் சொல்றது? வரும்போதெல்லாம் இங்க ஒண்ணு இருந்தா எனக்குத் தொல்லை மிச்சம்."

அவள் அதைக் கைக்குட்டையில் சுற்றினாள்.

"மாசத்துக்கு ஒரு தரம் சார்ஜ் போடு. மறந்துராத," என்றேன். "புத்தகத்துல போட்டிருக்கு."